கான்கிரீட் தூசியும் நமது நெஞ்சும்

(திருவனந்தபுரத்தில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசியாகிவிட்டது. ரேஷன் கார்டைப் பற்றியும், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைப் பற்றியும் பேசியாகிவிட்டது. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினைகள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிச் சொல்லும்படி நிர்வாகக் குழு எங்களைப் பணித்திருக்கிறது. அதுதான் கான்கிரீட் தூசி.

நாங்கள் ரயில்வேயில் பேனா பிடிக்கிறவர்கள். டாக்டரும் அல்ல, எஞ்சினியரும் அல்ல. ஆனாலும் நம் ஆட்களோடு மருத்துவமனை வாசலிலும், தொழிலாளர் அலுவலக வராந்தாவிலும் நின்று நின்று சில விஷயங்களைக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அவற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

தோழர்களே! இந்தத் திருவனந்தபுரத்தைச் சுற்றிப் பாருங்கள். 2022-ல் திறக்கப்பட்ட கழக்கூட்டம் மேம்பாலம் கான்கிரீட். 2015-ல் வேலை தொடங்கி 2025 மே 2-ஆம் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் கான்கிரீட்டும் பாறையும். அந்த அலைத் தடுப்புச் சுவருக்குப் போன பாறையில் ஒரு பகுதி நம்முடைய கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாக வந்ததுதான். நாங்கள் வேலை பார்க்கும் தண்டவாளத்தின் அடியில் மரக்கட்டை போய்க் கான்கிரீட் ஸ்லீப்பர் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. வளைகுடாப் பணம் கேரளத்தில் வீடுகளாக எழுந்தபோது கல் சுமந்தவர் யார், கலவை போட்டவர் யார்? எழுபதுகளிலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனாரும் சித்தாளும் கையாளும்தான். இங்கே அதை மைக்காட்டுப் பணி என்பார்கள். இன்று அந்த வேலைக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் சகோதரர்கள் வந்திருக்கிறார்கள். ஆள் மாறியது, மொழி மாறியது. தூசி மாறவில்லை.

கான்கிரீட் தூசி என்றால் என்ன? சிமென்ட் மூட்டையைப் பிரிக்கும்போது எழும் புகையை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிமென்ட் ஈரத்தோடு சேர்ந்தால் தோலை அரிக்கும், கையில் புண் உண்டாக்கும், கண்ணை எரிக்கும். அதுவும் கெடுதல்தான். ஆனால் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கான்கிரீட்டில் மணலும் ஜல்லியும் இருக்கின்றன. மணலிலும் கருங்கல்லிலும் இருப்பது சிலிக்கா என்னும் படிகப் பொருள். அது பாறையாகக் கிடக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை. அதை அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், கிரைண்டரால் தேய்க்கும்போதும்தான் அது மிக நுண்ணிய தூளாகிறது.

நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நெஞ்சின் அடிவரைக்கும் போகிற தூள் 10 மைக்ரானுக்கும் கீழே. அதிலும் ஆழமாகப் போவது 5 மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியாக வெளியே தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசியை அவை பிடிப்பதில்லை. ஆகவே, ‘தூசி அடங்கிவிட்டது, இனி உள்ளே போகலாம்’ என்று மேஸ்திரி சொல்லும்போது அடங்கியது பெரிய தூசிதான். கொல்லுகிற தூசி அப்போதும் காற்றில் மிதந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தூள் நுரையீரலின் காற்றுப் பைகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கியவை செத்துப்போகின்றன. அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு பெருகப் பெருக, பஞ்சு போலிருந்த நுரையீரல் தேய்ந்த தோல் போல இறுகிவிடுகிறது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்டபிறகும் அது வளரக்கூடும். சாதாரணமாகப் பத்து வருடத்துக்கு மேல் தூசியில் நின்றால் வரும். தூசி கடுமையாக இருந்தால் ஐந்து வருடத்திலேயே வரும். மிகக் கடுமையாக இருந்தால் சில மாதங்களில்கூட வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இதெல்லாம் போதாதென்று, படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-ல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

இது ஏதோ அயல்நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குக் கோலார் தங்கவயலைச் சொல்ல வேண்டும். அன்றைய மைசூர் ராஜ்யத்தில், 1880-களிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோண்டிய அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் குடைந்தது பொன்னைச் சுமந்த பாறை. அந்தப் பாறையில் இருந்தது இதே சிலிக்காதான். 1940-களில் அங்கே ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ் கண்டிருந்தது! பொன் லண்டனுக்குப் போயிற்று. தூசி தமிழன் நெஞ்சில் தங்கிற்று. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. நோய் மூடப்படவில்லை.

ஆனால் கோலாரில் ஒன்று இருந்தது. பதிவேடு இருந்தது. யார் எந்தச் சுரங்கத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று எழுதிவைத்திருந்தார்கள். நோயாளிகளை எண்ணவும், 1940-ல் மைசூர் சமஸ்தானத்தில் சிலிக்கோசிஸ் விதிகள் கொண்டுவரவும், நஷ்டஈடு என்று கேட்கவும் அந்த ஏடுதான் ஆதாரம். பேனா பிடிக்கிற நாங்கள் இதை அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. இன்று நம் ஆட்களுக்கு அதே தூசி இருக்கிறது. அந்த ஏடு இல்லை.

கடல் கடந்து இன்னொரு கதை கேளுங்கள். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், 1930-31-ல் மலையைக் குடைந்து மின்சாரத்துக்காகத் தண்ணீர்ச் சுரங்கம் போட்டார்கள். குடைந்த பாறை சிலிக்கா நிறைந்த பாறை. உள்ளே இறங்கியவர்கள் சுமார் மூவாயிரம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். தண்ணீர் விட்டுத் துளையிட்டால் நேரமாகும் என்று உலர்ந்த பாறையிலேயே துளையிட வைத்தார்கள். பார்வையிட வந்த அதிகாரிகள் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். தொழிலாளிக்கு முகமூடி இல்லை. நோய் கண்டவர்களை ஊருக்குத் துரத்தினார்கள். 1936-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு விசாரித்தபோது இறந்தவர்கள் 476 பேர் என்று கணக்கு வந்தது. பின்னால் 1986-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, குறைந்தது 764 பேர் என்றது. ஏன் இந்த வேறுபாடு? ஆட்கள் நாடெங்கும் சிதறிப் போய், அவரவர் ஊரில் செத்துப்போனதால்தான்! புலம்பெயர்ந்தவன் சாவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து ஆதிவாசி மக்கள் பஞ்சம் பிழைக்கக் குஜராத்தின் கோத்ரா, பாலாசினோர் பக்கத்துக் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். சில மாதங்கள், ஒன்றிரண்டு வருடங்கள் வேலை செய்துவிட்டு இருமிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செத்தார்கள். ஆலையில் அவர்கள் பெயர் எழுதிய ஏடு இல்லை. அப்போது அமைப்புகள் என்ன செய்தன? ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்ப் பெயர்ப் பட்டியல் எடுத்தன. யார் எந்த ஆலையில் எவ்வளவு நாள் நின்றார், எப்போது இருமல் வந்தது, எப்போது இறந்தார் என்று எழுதின. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் போயிற்று. இறந்த 238 பேரின் குடும்பத்துக்குத் தலா மூன்று லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று ஆணையம் 2010-ல் சொன்னது. கொடுத்தே ஆகவேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. போன உயிருக்கு மூன்று லட்சம் விலையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் ஏடே இல்லாத இடத்தில் ஏழைகள் தாங்களாகவே ஓர் ஏட்டை உண்டாக்கி வென்றார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் சங்கத்துக்கு ஒருவர் வந்தார். ராதாபுரம் பக்கத்துக்காரர். பதினான்கு வருடம் இந்த நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டிங் மெஷின் பிடித்தவர். தரை அறுப்பது, சுவரில் காடி எடுப்பது, ஓட்டை போடுவது எல்லாம் செய்தவர். இரண்டு தடவை காசநோய் மாத்திரை முழுக் கோர்ஸும் சாப்பிட்டிருக்கிறார். மூச்சுவாங்கல் நின்றபாடில்லை. ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்று எந்த டாக்டராவது கேட்டாரா என்று நாங்கள் கேட்டோம். ‘கூலி வேலை என்று எழுதிக்கொண்டார்கள் அண்ணாச்சி’ என்றார். இத்தாலி தேசத்தில் ராமாஸினி என்ற வைத்தியர் 1700-லேயே தொழிலாளர் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அதில் சொன்னார். முந்நூறு வருடம் தாண்டியும் நம் ஆளிடம் அந்தக் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை.

சரி, இதுவரை யார் யாரிடம் வேலை செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டோம். ‘மேஸ்திரி’ என்றார். மேஸ்திரிக்கு மேலே? ‘கான்ட்ராக்டர்.’ பெயர்? தெரியவில்லை. பதினான்கு வருட உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இது அவர் குற்றமல்ல. எழுதிக் கொடுக்க வேண்டியவன் எழுதிக் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் ஆகியவை 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புக்குள் அடக்கப்பட்டன. அது 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தொகுப்புகளை மத்தியத் தொழிற்சங்கங்கள் பல எதிர்க்கின்றன. அந்த விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நமக்கு வேண்டியது இதுதான்: பழைய சட்டத்திலும் சரி, புதிய தொகுப்பிலும் சரி, சிலிக்கோசிஸ் ‘அறிவிக்கப்பட வேண்டிய நோய்’. அதாவது, கண்டுபிடிக்கிற டாக்டரும் முதலாளியும் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். வகுத்துரைத்த தொழிலாளருக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனை இலவசமாகச் செய்ய வேண்டும் என்பதும் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்குத்தான். நாலு பேர் வைத்து டைல்ஸ் அறுக்கிற இடத்துக்கு யார் வருவார்கள்?

நஷ்டஈட்டைப் பற்றி ஒரு முக்கியமான சங்கதி. 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழும் சிலிக்கோசிஸ் தொழில் நோயாகப் பட்டியலில் சேர்ந்திருந்தது. இப்போதைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. இந்த வகை நோயில், ஒருவர் பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்திருந்தால், பொறுப்பை அந்த முதலாளிகள் எல்லார் மீதும் பங்கிட்டு விதிக்கலாம் என்பது ஏற்பாடு. ஆகவே ‘கடைசியாக எங்களிடம் இரண்டு மாதம்தானே நின்றார்’ என்று ஒரு கான்ட்ராக்டர் கைவிரிக்க முடியாது. ஆனால் அந்த எல்லாப் பெயர்களும் நம் கையில் இருந்தால்தானே பங்கிட முடியும்? மறுபடியும் ஏட்டுக்கே வந்து நிற்கிறோம்.

இனி, தூசியைத் தடுப்பது எப்படி? முதலாளியிடம் கேட்டால் உடனே, ‘மாஸ்க் கொடுத்திருக்கிறோம்’ என்பார். கடையில் ஐந்து ரூபாய்க்கு விற்கும் துணி மாஸ்க்கைக் காட்டுவார். அதுவும் இல்லாவிட்டால் நம் ஆள் தோர்த்தை மூக்கில் சுற்றிக்கொள்வார். தோர்த்து பெரிய தூசியை நிறுத்தும். கொல்லுகிற தூசியை நிறுத்தாது. கொசுவலை போட்டு மாவைச் சலிக்கிற மாதிரிதான் அது. ஆகவே வரிசையை நாம் மாற்றிப் போட வேண்டும். மாஸ்க் கடைசி. தூசியை அது பிறக்கிற இடத்திலேயே பிடிப்பதுதான் முதல்.

முதலாவது தண்ணீர். அறுக்கிற பிளேடின் மேல் தண்ணீர் தொடர்ந்து விழும்படி செய்தால் எழும் தூசியில் பத்தில் ஒன்பது பங்குவரை குறையும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம்: சாதாரண மின்சாரக் கிரைண்டரில் சொம்பால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஷாக் அடித்துச் செத்துப்போவீர்கள். தண்ணீர்க் குழாய் பொருத்துவதற்கென்றே செய்த மெஷின் வேண்டும். மின் கசிவு கண்டால் தானே நிற்கிற ஈ.எல்.சி.பி. வேண்டும். இரண்டையும் வாங்கித் தர வேண்டியவர் முதலாளி.

இரண்டாவது உறிஞ்சல். தண்ணீர் விட முடியாத இடத்தில், உள்ளறையில் சுவர் தேய்க்கும்போது, கிரைண்டரைச் சுற்றி மூடி போட்டு, நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வாக்குவம் மெஷினோடு இணைக்க வேண்டும். வீட்டில் தரை பெருக்கும் வாக்குவம் உதவாது. அது முன்னால் உறிஞ்சிப் பின்னால் விட்டுவிடும்.

மூன்றாவது, உலர்ந்த துடைப்பம் கூடாது. தாய்மார்களே, இது உங்களுக்கு. மெஷின் பிடிக்கிறவர் போனபிறகு அந்தத் தளத்தைக் கூட்டுகிறவர் சித்தாள். அடங்கிய தூசியை மறுபடி எழுப்பி மூச்சில் வாங்குகிறவரும் அவர்தான். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். உடுப்பில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிவிடவும் கூடாது. அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கவும் கூடாது. வேலை செய்யும் இடத்திலேயே குளிக்கவும் உடுப்பு மாற்றவும் இடம் கேட்க வேண்டும்.

நான்காவதுதான் மாஸ்க். அதுவும் இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 9473 என்று முத்திரை உள்ள மாஸ்க். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். வேர்த்து நனைந்தால் மாற்ற வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் அதைப் போட்டிருக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் மாஸ்க்கை மட்டும் நம்பச் சொல்லுகிறவரை நாம் நம்பக் கூடாது.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். அமெரிக்க அரசு 2016-ல் போட்ட விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் போகக் கூடாது. ஒரு ஷிப்டில் தொழிலாளி சுமார் பத்துக் கனமீட்டர் காற்றை மூச்சில் வாங்குகிறார். அப்படியானால் நாள் முழுவதற்கும் எல்லை அரை மில்லிகிராம். ஒரு கிராமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! விரல் நுனியில் ஒட்டுகிற தூளைவிடக் குறைவு. நம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், சுத்தமான குவார்ட்ஸ் தூசிக்கு ஏறக்குறைய அதில் இரண்டு மடங்குவரை அனுமதித்திருந்தது. அமெரிக்கன் நுரையீரல் ஒன்று, தமிழன் நுரையீரல் வேறொன்றா? ஆஸ்திரேலியாவோ, சமையல் மேடைக்காகச் செய்யும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்ததைப் பார்த்து, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்துவிட்டது.

‘இதையெல்லாம் கேட்டால் நம்மை நிறுத்திவிட்டு வங்காளிப் பையனைக் கூப்பிடுவான்’ என்று இங்கே பல தோழர்கள் சொல்லுகிறார்கள். உண்மைதான், கூப்பிடுவான். ஒரு காலத்தில் மலையாளித் தொழிலாளியிடம் ‘உன்னை நிறுத்திவிட்டுத் தமிழனைக் கூப்பிடுவேன்’ என்றும் இதே ஆட்கள்தான் சொன்னார்கள். அன்று நாம் எந்த இடத்தில் நின்றோமோ, அந்த இடத்தில் இன்று அந்தப் பையன் நிற்கிறான். அவனுக்கும் நெஞ்சு இருக்கிறது. அவனை ஒதுக்கிவிட்டு நாம் மட்டும் மாஸ்க் கேட்டால் தோற்போம். அவனையும் சேர்த்துக்கொண்டு தண்ணீர் கேட்டால் வெல்லலாம். ஆகவே நம் துண்டுப் பிரசுரம் தமிழில் மட்டுமல்ல, மலையாளத்திலும் வங்காளத்திலும் இந்தியிலும் வர வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த மாநிலத்திலேயே இரண்டு உதாரணம் உண்டு. வெயில் ஏறும் மாதங்களில், திறந்த வெளியில் வேலை செய்கிறவருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு என்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவு போடுகிறது. சூரியனுக்கு எதிராக உத்தரவு போட முடிகிற அரசுக்குத் தூசிக்கு எதிராகப் போட முடியாதா? அடுத்தது, துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்கள் கோழிக்கோட்டில் தொடங்கிய போராட்டம். ‘உட்கார ஒரு நாற்காலி’ என்று கேட்டபோது பலர் சிரித்தார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. ராஜஸ்தான் அரசு 2019-ல் சிலிக்கோசிஸுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து, நோய் உறுதியானால் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், மாத உதவித்தொகை என்று அறிவித்தது. அங்கே குவாரித் தொழிலாளர் கேட்டார்கள், வந்தது. இங்கே நாம் கேட்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று 1996 முதல் தீர்வை இருக்கிறது. ஒன்றுக்குக் குறையாமல் இரண்டுக்கு மிகாமல் என்று தொகுப்பும் சொல்கிறது. அந்தப் பணம் நம் வேர்வையின் பேரில் வசூலானது. புலம்பெயர்ந்த தொழிலாளருக்கென்று கேரள அரசு 2010-ல் தனி நலத்திட்டமும் தொடங்கியிருக்கிறது. அதில் நம்மில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? கை தூக்குங்கள் பார்க்கலாம். தூக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள், படிவம் எழுதித் தருகிறோம்.

தோழர்களே! நிர்வாகக் குழுவின் சார்பில் உங்கள் ஒப்புதலுக்கு நாலு வேலைகளை வைக்கிறோம்.

ஒன்று: உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சங்கம் ஒரு நோட்டுப் புத்தகம் தரும். தேதி, இடம், மேஸ்திரி பெயர், கான்ட்ராக்டர் பெயர், போர்டில் எழுதியிருக்கும் கம்பெனி பெயர், செய்த வேலை, தண்ணீர் விட்டார்களா இல்லையா, இவ்வளவுதான். கூலி ஜி-பேயில் வந்தால் அந்த ரசீதைப் போனில் அழிக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். இருபது வருடம் கழித்து ஒரு கோர்ட்டில் பேசப்போவது அந்த நோட்டுத்தான்.

இரண்டு: ஐந்து வருடத்துக்கு மேல் அறுப்பு, துளைப்பு, உடைப்பு, எம்-சாண்ட் வேலை செய்தவர்களைக் குழுவாக அழைத்துக்கொண்டு புலயனார்கோட்டை நெஞ்சுநோய் மருத்துவமனைக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் போவோம். மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் கேட்போம். டாக்டர் கேட்காவிட்டாலும், ‘நான் பதினாலு வருடம் கான்கிரீட் அறுத்தேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள்.

மூன்று: தண்ணீர் இல்லாமல் கான்கிரீட் அறுப்பதையும் துளைப்பதையும் இந்த மாவட்டத்தில் தடைசெய்து உத்தரவு போட வேண்டும், பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் அது பொருந்த வேண்டும் என்று தொழிலாளர் ஆணையருக்கும், தொழிற்சாலைகள் கொதிகலன்கள் துறைக்கும் மனு கொடுப்போம். தமிழ்ச் சங்கமாக மட்டும் அல்ல, எல்லா மொழித் தொழிலாளரின் கையெழுத்தோடும் கொடுப்போம்.

நான்கு: ஊருக்குத் திரும்பிவிட்டவர்களைத் தேடுவோம். ராதாபுரத்திலும் நாங்குநேரியிலும் விளவங்கோட்டிலும் இருமிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நம் ஆட்கள் இன்னும் நம் உறுப்பினர்கள்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுத் திரும்பியவர் யார், எத்தனை வருடம் நின்றார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கோத்ரா ஆலைகளுக்குப் போய்வந்த ஆதிவாசிகளின் ஊர்களில் நடந்த வேலையை நம் ஊர்களில் நாம் செய்வோம்.

தண்ணீர் அப்படியொன்றும் விலையுயர்ந்த பொருள் அல்ல, தோழர்களே. இரண்டு பருவமழை பெய்கிற நாடு இது. ஒரு குழாயும் ஒரு பீப்பாயும் வைத்தால் பிழைக்கிற உயிரை, நேரம் மிச்சம் என்று சொல்லிக் கொல்லுகிறார்கள். அந்த நேரக் கணக்கில் நம் ஆயுள் சேரவில்லை. அதைச் சேர்க்கிற வேலை நம்முடையது. நோட்டுப் புத்தகங்கள் வாசலில் மேசை மீது இருக்கின்றன. ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் நேற்று எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் இங்கேயே எழுதிவிட்டுப் போங்கள்.